தாய்லாந்தில் ரயிலிலும் பேருந்திலும் குறைந்த செலவில் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்குப் போக நினைப்பவர்கள் விமானச் சீட்டுக்கும் விடுதி வாடகைக்கும் பல நாள் விலை பார்க்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஊர்விட்டு ஊர் செல்வதற்கு வாடகைக் காருக்கும் சுற்றுலா முகவருக்கும் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்நாட்டு மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ரயிலும் பேருந்தும் நமக்கும் அதே அளவு பயன்படும் என்பதை என் பயணங்களில் கண்டறிந்தேன். அது குறித்து உறவினரும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தாய்லாந்து நாணயமான பாட் ஒன்று ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து மொழி தெரியாமல் பொதுப் போக்குவரத்தை மட்டுமே நம்பிப் போக முடியுமா?

முடியும். முக்கிய ரயில் நிலையங்களில் பெயர்ப் பலகையும் அறிவிப்பும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. சிறிய ஊர்களில் மட்டும், நீங்கள் போக வேண்டிய இடத்தின் பெயரைத் தாய் எழுத்தில் விடுதிக்காரரிடம் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் உச்சரிக்கும் ஊர்ப் பெயர் அவர்களுக்குப் புரியாமல் போவது வழக்கம். தாய்லாந்து மொழியில் ஒரே சொல் ஒலிக்கும் தொனிக்கேற்பப் பொருள் மாறுவதே அதற்குக் காரணம். எழுதிக் காட்டினால் அந்தச் சிக்கலே இல்லை.

விமான நிலையத்திலிருந்து பாங்காக் நகருக்குள் மலிவாக வருவது எப்படி?

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. சுவர்ணபூமியில் இறங்கினால், கட்டடத்தின் அடித்தளத்திலேயே 2010ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விமான நிலைய ரயில் இருக்கிறது. அது அரை மணி நேரத்துக்குள் நகரின் நடுவிலுள்ள பாயா தாய் நிலையத்தை அடைந்துவிடும், கட்டணம் சுமார் 45 பாட். மலிவு விமானங்கள் பெரும்பாலும் டோன் மியாங்கில்தான் இறங்குகின்றன. அங்கிருந்து நடைபாலத்தைக் கடந்தால், நகருக்குள் செல்லும் சிவப்புத் தட ரயிலின் நிலையம் வந்துவிடும். வடக்கே செல்லும் தொலைதூர ரயில்களும் டோன் மியாங்கில் நிற்கின்றன. ஆகவே அயுத்தயாவுக்கோ சியாங் மாய்க்கோ நேரே போக விரும்புபவர்கள் நகருக்குள் வராமலே அங்கு ஏறிக்கொள்ளலாம்.

பாங்காக்கில் எந்த ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்களே.

இந்தக் குழப்பத்தால் ரயிலைத் தவறவிட்டவர்கள் பலர். 1916இல் திறக்கப்பட்ட ஹுவா லம்போங் நிலையம்தான் நூறாண்டுக்கும் மேலாகத் தலைமை நிலையமாக இருந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 19 முதல் வடக்கு, வடகிழக்கு, தெற்குத் தடங்களின் விரைவு ரயில்கள் அனைத்தும் பாங் சூ பகுதியில் கட்டப்பட்ட குருங் தேப் அபிவத் மத்திய நிலையத்துக்கு மாற்றப்பட்டன. சாதாரண ரயில்களும் புறநகர் ரயில்களும் இன்னும் ஹுவா லம்போங்கிலிருந்தே புறப்படுகின்றன. காஞ்சனபுரிக்குச் செல்லும் ரயிலோ ஆற்றுக்கு மறுகரையிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து கிளம்புகிறது. பழைய வழிகாட்டிகளில் எல்லா ரயிலுக்கும் ஹுவா லம்போங் என்றே எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம். உங்கள் சீட்டில் அச்சிட்டுள்ள நிலையத்தின் பெயரைப் பாருங்கள். தவறான நிலையத்துக்குப் போய்விட்டாலும் ஹுவா லம்போங்கையும் பாங் சூவையும் சுரங்க ரயிலின் நீலத் தடம் இணைக்கிறது. ஆனால் அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும்.

ரயிலில் எத்தனை வகுப்புகள் உள்ளன? எதில் போனால் செலவு குறையும்?

மூன்று வகுப்புகள் உள்ளன. முதல் வகுப்பு இருவர் படுக்கும் குளிர்சாதன அறை. இரண்டாம் வகுப்பில் உட்காரும் இருக்கைகளும் படுக்கைகளும் உண்டு. மூன்றாம் வகுப்பு பெரும்பாலும் மின்விசிறியும் திறந்த சன்னலும் கொண்ட பெட்டி. வகுப்பைப் போலவே ரயிலின் வகையும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரண ரயிலுக்கு அடிப்படைக் கட்டணம் மட்டுமே. வேக ரயில், விரைவு ரயில், சிறப்பு விரைவு ரயில் என்று மேலே போகப் போகக் கூடுதல் தொகை சேரும்.

மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட பகல் பயணத்துக்குச் சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்பையும், இரவு முழுவதும் நீளும் பயணத்துக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கையையும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். பாங்காக்கிலிருந்து 71 கி.மீ. தொலைவிலுள்ள அயுத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பில் 15 அல்லது 20 பாட்தான். அதே இடத்துக்கு முகவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பல நூறு பாட் வாங்குகிறார்கள். அயுத்தயா நிலையத்திலிருந்து நேரே நடந்தால் பா சாக் ஆறு வரும். சில பாட் கொடுத்துச் சிறு படகில் அக்கரை சேர்ந்து, ஒரு மிதிவண்டியை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டால், பழைய தலைநகரின் சிதைந்த கோயில்களை மாலை வரை நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்பு எப்படி இருக்கும்? பெண்களும் குழந்தைகளும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். எதிரெதிராக அமைந்த இருக்கைகள், தலைக்கு மேல் சாமான் வைக்கும் தட்டு, சுழலும் மின்விசிறிகள், மேலும் கீழும் தள்ளும் சன்னல்கள் என்று நம்மூர்ப் பாசஞ்சர் ரயிலையே நினைவூட்டும். பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள், காவி உடுத்த துறவிகள் எனப் பலரும் வருவார்கள். துறவிகளுக்கென ஒதுக்கிய இருக்கைகளில் நாம் உட்காரக் கூடாது. துறவியின் உடல் மீது பெண்கள் படாமல் விலகி நடப்பது அங்குள்ள மரபு என்பதால், நெரிசலில் அதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும். அப்போது நடைமேடையில் இருப்பவர்கள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். நாமும் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதே மரியாதை.

முன்பதிவு செய்ய வேண்டுமா? நம் நாட்டைப் போலக் காத்திருப்போர் பட்டியல் உண்டா?

காத்திருப்போர் பட்டியல் என்ற முறையே அங்கு கிடையாது. படுக்கை இருந்தால் சீட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சியாங் மாய் இரவு ரயிலின் கீழ்ப் படுக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பயண நாள் உறுதியானவுடன் ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலேயே எடுத்துவிடுங்கள். இடைத்தரகுத் தளங்களும் விற்கின்றன. அவற்றில் தரகு சேர்ந்து விலை கூடும். நிலையத்தில் எடுப்பதானால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

சாதாரண ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. புறப்படுவதற்குச் சற்று முன்னால் சன்னலில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை வரும் சொங்கிரான் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் மட்டும், ஊருக்குத் திரும்பும் கூட்டத்தில் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது அரிது. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாள்களில் வருவதால், அந்த விடுமுறையில் புறப்படும் தமிழர்கள் இதைக் கட்டாயம் கருத வேண்டும்.

இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை எடுப்பதா, மேல் படுக்கை எடுப்பதா?

தாய்லாந்தின் இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் நம்மூர்ச் சைடு லோயர், சைடு அப்பர் போலப் பெட்டியின் நீளவாக்கில், நடைவழியின் இருபுறமும் அமைந்திருக்கும். நடுப்படுக்கை கிடையாது. கீழ்ப் படுக்கை அகலமானது, சன்னலும் உண்டு, ஆகவே விலை சற்றுக் கூடுதல். மேல் படுக்கை ஒடுங்கியது, விளக்கின் வெளிச்சமும் குளிர்காற்றும் நேரே முகத்தில் படும். உயரமானவர்களும் வயதானவர்களும் அந்த நூறு பாட் வேறுபாட்டைப் பார்க்காமல் கீழ்ப் படுக்கையே எடுக்கலாம்.

இருட்டத் தொடங்கியதும் பணியாளர் ஒருவர் வரிசையாக வருவார். எதிரெதிர் இருக்கைகளை இழுத்து ஒன்றாக்கி, மேலிருந்து மெத்தையை இறக்கி, துவைத்த விரிப்பைப் போர்த்தி, திரைச்சீலையை மாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 2016இல் அறிமுகமான புதிய பெட்டிகள் சியாங் மாய், உபோன், நோங் காய், ஹாட் யாய் ஆகிய நான்கு தடங்களில் ஓடுகின்றன. சியாங் மாய் வரையிலான 751 கி.மீ. பயணத்துக்கு அவற்றில் ஆயிரம் பாட்டை ஒட்டி ஆகும். ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சமாவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது அதிகமன்று. குளிர்சாதனம் மிகக் கடுமையாக இருக்கும் என்பதால் சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பழைய மின்விசிறிப் படுக்கைப் பெட்டி உங்கள் ரயிலில் இருந்தால் அது இன்னும் மலிவு.

சியாங் மாய்க்கு ஒரே மூச்சில் போகாமல் வழியில் ஊர்களைப் பார்த்துக்கொண்டு போகலாமா?

நேரம் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி அதுதான். அயுத்தயாவில் ஒரு நாள். அடுத்து, சாதாரண ரயிலில் சில பத்து பாட்டுக்குள் லோப்புரி. அங்கே நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே கெமர் காலத்து மூன்று கோபுரக் கோயில் நிற்கிறது. பிறகு பிட்சனுலோக். அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சுகோத்தாய், அந்நாட்டின் பழம்பெரும் தலைநகரம். பிட்சனுலோக்கிலிருந்து பகல் ரயிலில் வடக்கே போனால், மலைகளுக்கிடையே ஏறிச் சென்று 1,352 மீட்டர் நீளமுள்ள குன் தான் சுரங்கத்தைக் கடந்து சியாங் மாய் சேரலாம். இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள் திரும்பும்போதாவது இந்தப் பகுதியைப் பகலில் பார்க்க வேண்டும். தனித்தனிச் சீட்டுகளாக எடுப்பதால் மொத்தச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

காஞ்சனபுரி ரயிலைப் பற்றித் தமிழர்கள் குறிப்பாகக் கேட்கிறார்கள். அங்கு எப்படிப் போவது?

தோன்புரி நிலையத்திலிருந்து நாள்தோறும் காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இரண்டு ரயில்கள், பாதை முடியும் ‘நாம் தோக்’ என்னும் ஊர் வரை செல்கின்றன. சாவ் பிராயா ஆற்றுப் படகில் வந்து, சிரிராஜ் மருத்துவமனையின் பின்புறமாக நடந்தால் நிலையத்தை அடையலாம். இந்தத் தடத்தில் வெளிநாட்டினருக்கு எந்த ஊரில் இறங்கினாலும் 100 பாட் என்று ஒரே கட்டணம் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க் கட்டணத்தைவிட இது அதிகம் என்றாலும் நாள் முழுவதும் நீளும் பயணத்துக்கு இது குறைவே. காஞ்சனபுரியைத் தாண்டியதும் குவே ஆற்றுப் பாலம். அதற்குப் பிறகு தாம் கிரசே என்னுமிடத்தில் மலைச்சரிவை ஒட்டிய மரப்பாலத்தின் மீது ரயில் நடை வேகத்தில் ஊர்ந்து போகும். நாம் தோக் நோக்கிச் செல்லும்போது இடப்பக்கச் சன்னலில் உட்காருங்கள்.

இந்தப் பாதையைச் சுற்றுலாக் காட்சியாக மட்டும் பார்த்துவிட்டு வர என்னால் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் சப்பானிய இராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942–43இல் 415 கி.மீ. நீளத்துக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் எஞ்சியிருக்கும் பகுதி இது. நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இந்த வேலையில் இறந்தார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சாவகத்திலிருந்தும் (ஜாவா) கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களோ அதைப்போல் பல மடங்கு. அவர்களில் பெருந்தொகையினர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட தமிழர்கள். காலராவும் பசியும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளின் பெயர்கள் வெண்கலத் தகட்டில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை அங்கில்லை. தாம் கிரசேயில் ரயில் மெதுவாகும்போது, சன்னலிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடும் நெருக்கத்தில், உளியால் செதுக்கிய பாறைச் சுவர் கடந்து போகும். அந்தத் தழும்புகள் யார் கையால் விழுந்தவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள். கல்லறைத் தோட்டமும் அதை ஒட்டிய அருங்காட்சியகமும் காஞ்சனபுரி நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளன.

தண்டவாளத்தின் மேல் நடக்கும் சந்தைக்கு ரயிலிலேயே போக முடியுமா?

மே குளோங் சந்தையைக் கேட்கிறீர்கள். போகலாம். பாங்காக்கின் வோங்வியான் யாய் நிலையத்திலிருந்து மகாசாய் வரை ஒரு மணி நேரம், 10 பாட். அங்கே இறங்கித் தா சின் ஆற்றைப் படகில் கடந்து, பான் லேம் நிலையத்தில் அடுத்த ரயிலைப் பிடித்தால் மே குளோங்குக்கு இன்னொரு 10 பாட். இந்த இரண்டாம் பகுதியில் நாளுக்கு நான்கு ரயில்கள் மட்டுமே என்பதால் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ரயில் நெருங்கும்போது கடைக்காரர்கள் துணிக் கூரையை மடக்கி, மீன் தட்டுகளைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். ரயில் போனதும் கூரை மீண்டும் விரியும்.

பேருந்தில் போவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பாங்காக்கின் வெளியூர்ப் பேருந்துகள் திசைக்கேற்பப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வடக்குக்கும் வடகிழக்குக்கும் மோ சிட், பட்டாயா முதலிய கிழக்கு ஊர்களுக்கு எக்கமாய், தெற்குக்குச் சாய் தாய் மாய். மோ சிட் பேருந்து நிலையமும் மோ சிட் மேம்பால ரயில் நிலையமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே நல்ல தொலைவு இருக்கிறது.

அரசுப் போக்குவரத்து நிறுவனமும் அதனிடம் உரிமம் பெற்ற நிறுவனங்களும் இந்த நிலையங்களிலிருந்து இயக்கும் பேருந்துகளிலேயே ஏறுங்கள். வரிசைக்கு மூன்று இருக்கை கொண்ட விஐபி பேருந்தில் முதுகை நன்றாகச் சாய்த்துத் தூங்கலாம். பகல் பயணத்துக்கு அதைவிடக் கீழ் வகுப்பே போதும். பயணிகள் தங்கும் தெருக்களில் உள்ள கடைகள் விற்கும் ‘பேருந்தும் படகும் சேர்ந்த’ சீட்டுகளில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. ஒருமுறை விஐபி பேருந்து என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, நள்ளிரவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இறக்கி, பதின்மூன்று பேரை ஒரு சிற்றுந்தில் அடைத்து அனுப்பினார்கள். திருட்டுப் புகார்களும் இத்தகைய பேருந்துகளில் அதிகம் எழுவதால், பணமும் கடவுச்சீட்டும் அடியிலுள்ள சாமான் அறைக்கு ஒருபோதும் போகக் கூடாது. பேருந்து நிலையச் சன்னலில் வாங்கும் சீட்டில் எனக்கு இப்படி ஒரு முறைகூட நேர்ந்ததில்லை.

புக்கெட்டுக்கும் கிராபிக்கும் தீவுகளுக்கும் ரயில் உண்டா?

இல்லை. தெற்குத் தடத்தில் சூராட் தானி வரை இரவு ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே பன் பின் என்னுமிடத்தில் இருக்கிறது. சமுய் தீவுக்கும் சூராட் தானிதான் வழி. தாவ் தீவுக்குச் சும்போனில் இறங்குவது மேல்.

ஊருக்குள் சுற்றச் சோங்தேவ் என்கிறார்களே, அது என்ன?

பின்பகுதியில் இரண்டு நீள இருக்கைகள் போட்டு மேலே கூரை அமைத்த சிறு லாரி. பேரிலேயே ‘இரண்டு வரிசை’ என்ற பொருள் இருக்கிறது. பட்டாயாவில் குறித்த தடத்தில் ஓடுவதற்கு ஆளுக்கு 10 பாட்தான். ஏறும்போது எதுவும் பேசாமல் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் கூரையிலுள்ள மணிப் பொத்தானை அழுத்தி, இறங்கிப் போய் ஓட்டுநரிடம் சில்லறையைக் கொடுத்தால் போதும். ஏறும் முன் விலை கேட்டால், தனி வாடகைக்குக் கேட்கிறோம் என்று எண்ணிப் பத்து மடங்கு சொல்லக்கூடும். சியாங் மாயின் சிவப்பு வண்டிகளுக்கு நிலையான தடம் கிடையாது என்பதால், அங்கே மட்டும் இடத்தைச் சொல்லி, விலையையும் பேசிக்கொண்டு ஏறுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் நீண்ட பயணத்தில் என்ன செய்வது?

காய்கறி மட்டும் போட்டது என்று சொல்லித் தரும் உணவிலும் மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) கலந்திருப்பது அங்கு இயல்பு. மஞ்சள் கொடியில் சிவப்பு மையால் 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும் தாய் எழுத்தைத் தேடுங்கள். அதை ‘ஜே’ என்று படிப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும் சேர்க்காத உணவு விற்கும் கடை அது. பேருந்து நிலையங்களின் அருகே ஒன்றாவது கிடைக்கும். ரயிலில் வாழைப்பழமும், மூங்கில் குழாயில் தேங்காய்ப்பாலோடு வேகவைத்த ஒட்டரிசியும் விற்க வருவார்கள், அவற்றை நம்பி உண்ணலாம்.

அங்கிருந்து ரயிலிலேயே மலேசியாவுக்குப் போக முடியுமா?

முடியும். பாங்காக்கிலிருந்து பிற்பகலில் கிளம்பும் ரயில் மறுநாள் காலை எல்லையிலுள்ள பாடாங் பெசாரை அடைகிறது. இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் அதே நிலையத்துக்குள் நடந்துவிடும். அங்கிருந்து மலேசியாவின் கொமுட்டர் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பட்டர்வொர்த், எதிரே பினாங்கு. கோலாலம்பூர் போகிறவர்களுக்கு நேரடி மின்ரயிலும் உண்டு. மலேசிய நேரம் ஒரு மணி முன்னால் இருப்பதால், இணைப்பு ரயில் நேரத்தைக் கணக்கிடும்போது கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தெற்கே சுங்கை கோலோக் எல்லைக்குச் செல்லும் கிளை, நீண்டகாலமாக வன்முறை நிகழ்ந்துவரும் யாலா, நராத்திவாட் மாநிலங்களின் ஊடே போகிறது. அதைத் தவிர்த்துப் பாடாங் பெசார் வழியே செல்வது பாதுகாப்பு. கம்போடிய எல்லை 2025ஆம் ஆண்டு மோதலில் மூடப்பட்டது என்பதால், அரண்யபிரதேத் ரயிலில் எல்லைக்குப் போகும் திட்டம் இருந்தால் முதலில் அதன் நிலையை உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த வழியில் நுழைந்தாலும் தாய்லாந்து 2025 மே 1 முதல் இணையவழி வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மலேசியாவும் அதுபோல் ஓர் அட்டை கேட்கிறது. பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இரண்டையும் கட்டணமின்றி அரசுத் தளங்களில் நிரப்பலாம். எல்லையில் இணையம் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால், அவற்றை ஒரு தாளில் அச்செடுத்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.